எந்தப் படை சிறந்த படை? காவிரிக் கரையில் வைத்து ஒரு கணக்கு

கேள்வி இது: சோழர் படை, தஞ்சை மராட்டியரின் குதிரைப்படை, பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனிச் சிப்பாய்கள், மைசூர்ப் படை ஆகியவற்றைச் சண்டைத் திறமையில் முதலாவது, இரண்டாவது என்று வரிசைப்படுத்த முடியுமா?

ஓரளவு முடியும். ஆனால் கிரிக்கெட் வீரர்களைத் தரவரிசைப்படுத்துகிற மாதிரி முடியாது. ராஜேந்திரனின் வில்லாளியையும் திப்புவின் துப்பாக்கிக்காரரையும் எதிரெதிரே நிறுத்திப் பார்க்க வழியில்லை. ஆயுதம், ஆள் எண்ணிக்கை, நிலம், சோறு ஆகிய நான்கையும் கழித்தபின் மிஞ்சுவதுதான் ஒரு படையின் சொந்தத் தரம். கழிக்காமல் பேசுகிறவர்கள் பெரும்பாலும் துப்பாக்கியைப் புகழ்ந்துவிட்டு அதைப் பிடித்த ஆளைப் புகழ்ந்ததாக நினைத்துக்கொள்கிறார்கள்.

இந்தக் கழித்தலுக்குக் காவிரி டெல்டா வசதியான இடம். கல்லணையிலிருந்து கடல்வரை அதே களிமண், அதே வாய்க்கால், அதே ஐப்பசி மழை. அதன்மேல் பல நூற்றாண்டுகளாக வெவ்வேறு படைகள் நடந்திருக்கின்றன. நிலத்தை நிலையாக வைத்துக்கொண்டு மற்றதை ஒப்பிடலாம். அப்படிப் பார்த்தால் முதலில் தெரிவது, தரம் ஒரு படையோடு ஒட்டிப் பிறந்த எண் இல்லை என்பது. ஒரே ஆட்கள் காலையில் ஒரு தரத்திலும் மத்தியானம் வேறொரு தரத்திலும் சண்டை போட்டிருக்கிறார்கள்.

முதல் வேலை, எண்ணிக்கையைச் சுத்தம் செய்வது. 1007ஆம் ஆண்டைச் சேர்ந்த ஹொட்டூர்க் கல்வெட்டு, சோழ இளவரசன் 9 லட்சம் பேரோடு வந்து நாட்டைச் சூறையாடினான் என்கிறது. எழுதியது சாளுக்கியர் தரப்பு. 1225 வாக்கில் சீன அதிகாரி சாவோ ருகுவா சோழருக்கு 60,000 போர்யானைகள் இருப்பதாக எழுதிவைத்தார். இரண்டையும் சாப்பாட்டுக் கணக்கில் போட்டுப் பாருங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 900 கிராம் அரிசி என்றால் 9 லட்சம் பேருக்கு 810 டன். பொதிமாடு ஒன்று சுமார் 100 கிலோ சுமக்கும். ஒரு நாள் சோற்றுக்கு மட்டும் 8,100 மாடு, பத்து நாளுக்கு 81,000 மாடு. அந்த மாடுகளுக்கும் தீனி வேண்டும். யானை ஒன்று நாளைக்கு 150 கிலோ பசுந்தழை தின்னும். 60,000 யானைக்கு 9,000 டன், அதாவது இன்றைய பத்து டன் லாரியில் 900 லோடு, தினமும். 

இதனால் அந்தக் கல்வெட்டு பொய் என்றாகாது. தோற்றவர் எழுதும்போது எதிரி பெருகுவது வழக்கம், அவ்வளவுதான். ஆனால் அந்த எண்ணை வைத்துக்கொண்டு “சோழர் இத்தனை லட்சம் பேரை வைத்து வென்றார்கள்” என்று தரம் பேசக்கூடாது. சீனக் குறிப்பில் உருப்படியான பகுதி வேறு: யானைமேல் அம்பாரி கட்டி, தூரத்தில் அம்பு, கிட்டத்தில் ஈட்டி என்று சண்டையிட்டார்களாம், வென்ற யானைக்குப் பட்டப்பெயர் கொடுத்தார்களாம். ஆயுதத்தைத் தூரத்துக்கேற்ப மாற்றிக்கொள்வது பழக்கப்பட்ட படையின் அடையாளம். அந்த ஒரு வரி 60,000 என்ற எண்ணைவிட அதிகம் சொல்கிறது.

இனி தரத்தை நேராகக் காட்டுகிற ஒரு சண்டை. 1749 ஜூன், தேவிக்கோட்டை. (சிவகங்கைப் பக்கத்துத் தேவகோட்டை அல்ல, இது கொள்ளிடம் கடலில் விழும் இடத்தருகே இருந்த தஞ்சை மராட்டியர் கோட்டை.) ஆங்கிலேயர் ஏப்ரலில் ஒருமுறை வந்து, புயலில் அடிபட்டுத் திரும்பியிருந்தார்கள். இரண்டாவது முறை மேஜர் லாரன்ஸ் 800 ஐரோப்பியர், 1,500 சிப்பாய்களோடு வந்தார். பீரங்கியால் சுவரை உடைத்தார்கள். உடைப்புக்கும் தாக்கும் அணிக்கும் நடுவில் ஒரு சின்ன ஓடை. இளம் அதிகாரி கிளைவ் 34 ஐரோப்பியரோடு முன்னால் போனார், பின்னால் 700 சிப்பாய்கள் வரவேண்டும். ஐரோப்பியர் ஓடையைத் தாண்டிவிட்டார்கள். சிப்பாய்கள் கரையிலேயே நின்றுவிட்டார்கள். முன்னால் போனவர்கள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. கோட்டைக் கொத்தளத்தின் மறைவில் நின்ற தஞ்சைக் குதிரைவீரர்கள் பின்பக்கமாகப் பாய்ந்தார்கள். கண்மூடித் திறப்பதற்குள் 26 பேர் வெட்டுப்பட்டார்கள்.

இத்தோடு நிறுத்தினால், தஞ்சைக் குதிரைப்படை உலகத்தரம் என்று எழுதிவிடலாம். ஆனால் அன்றைக்கே லாரன்ஸ் தன் ஐரோப்பியர் அனைவரையும் நெருக்கமான அணியாக்கி மறுபடி நடத்தினார். அதே குதிரைவீரர்கள், அதே வாள், அதே மண். இந்த முறை அணி சுடாமல் காத்திருந்தது. குதிரைகள் 14 கஜத்துக்குள், அதாவது 42 அடிக்குள் வந்தபிறகுதான் சுட்டார்கள். முதல் வீச்சிலேயே 14 பேர் விழுந்தார்கள், மற்றவர்கள் திரும்பிவிட்டார்கள், கோட்டை போனது.

இந்த 42 அடியை விளக்கவேண்டும், ஏனென்றால் அந்த நூற்றாண்டின் சண்டைத் தரம் அதற்குள்தான் இருக்கிறது. அன்றைய வழவழப்புக் குழல் துப்பாக்கியை நன்றாகப் பழகியவர் நிமிடத்துக்கு 3 முறை சுடலாம். தோட்டா உறையைப் பல்லால் கிழித்து, மருந்து போட்டு, குண்டை இறக்கி, கம்பியால் இடித்து முடிக்கக் கிட்டத்தட்ட 20 விநாடி. பாய்ச்சலில் வரும் குதிரை 100 மீட்டரைச் சுமார் 10 விநாடியில் கடக்கும். ஆக, குதிரைப்படை பாயும்போது காலாளுக்குக் கிடைப்பது ஒரே ஒரு வெடி. அதை 100 மீட்டரில் செலவழித்தால் பாதிக்கு மேல் வீண், அடுத்த வெடிக்குள் குதிரை மேலேறிவிடும். 42 அடியில் செலவழித்தால் கண்மூடிச் சுட்டாலும் படும், விழும் குதிரை பின்னால் வரும் குதிரைக்குத் தடையாகும். ஆனால் அதற்கு, நூற்றுக்கணக்கான குளம்புச் சத்தம் நெஞ்சில் இடிக்கும்போது விரல் அசையாமல் ஒரு குரலுக்காகக் காத்திருக்க வேண்டும். பக்கத்தில் நிற்பவன் ஓடமாட்டான் என்ற நம்பிக்கை இருந்தால்தான் அப்படி நிற்க முடியும். தனி வீரம் இதற்கு உதவாது. முதலில் போன 34 பேரும் வீரர்கள்தான்.

இதே பாடத்தின் மறுபக்கம் நான்கு வருஷம் கழித்து, டெல்டாவின் தலைமாட்டில், திருச்சிராப்பள்ளியில் நடந்தது. 1753 நவம்பர் கடைசி, விடியலுக்கு வெகுநேரம் முன்பு. 600 பிரெஞ்சு வீரர்கள் ஏணி வைத்துக் கோட்டையின் வெளிமதிலில் மேற்குப் பக்கத்துப் பீரங்கிமேட்டில் ஏறினார்கள். காவலில் இருந்த சிப்பாய்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். சத்தமில்லாமல் துப்பாக்கி ஈட்டிமுனையில் காரியம் முடிந்தது. கண்டிப்பான உத்தரவு ஒன்று இருந்தது: உள்மதில் வாசலை வெடிவைத்துத் திறக்கும்வரை யாரும் சுடக்கூடாது. அதுவரை எல்லாம் திட்டப்படி நடந்தது. பிறகு, வெற்றி கைக்கு வந்துவிட்ட குஷியில், சிலர் அங்கே பிடித்த இரண்டு பீரங்கிகளை ஊர்ப்பக்கம் திருப்பி வெடித்தார்கள். ஊர் விழித்துக்கொண்டது.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அந்த இரண்டு வெடியின் வட்டி. உள்ளே இருந்த ஆங்கிலேயத் தலைமை அதிகாரி காயம்பட்டுப் படுக்கையில் கிடந்தார்; ஒரு லெப்டினன்ட்தான் பொறுப்பில். அவர் ஆட்களை வாசல் பக்கத்துக்கு ஓட்டி, இருட்டில் ஒன்றும் தெரியாவிட்டாலும் அந்தத் திசையில் விடாமல் சுடச் சொன்னார். வாசலுக்கு வெடி வைக்க வந்தவர்களும் வழிகாட்டியும் அதிலேயே செத்தார்கள். ஏறிவந்த ஏணிகள் உடைந்துவிட்டன. இரண்டு மதிலுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்களில் 350க்கு மேற்பட்டோர் விடிந்ததும் சரணடைந்தார்கள். இவர்கள் மட்டமான வீரர்களா? ஏணியில் ஏறிய விதத்தைப் பார்த்தால் இல்லை. விரலை அடக்கத் தெரியவில்லை, அவ்வளவே. தேவிக்கோட்டையில் காத்திருந்தவர்களுக்கும் திருச்சியில் காத்திராதவர்களுக்கும் ஆயுதத்தில் வித்தியாசம் கிடையாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. மேலே சொன்ன எண்கள் கம்பெனி தரப்பு எழுத்தில் வந்தவை. தங்கள் தரப்புச் சாவு எண்ணிக்கை ஓரளவு நம்பத்தக்கது, ஏனென்றால் சம்பளப் பட்டியலில் பெயர் அடிக்கவேண்டும். எதிரி எண்ணிக்கைக்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. 34, 26 போன்ற எண்ணை நம்புங்கள். “பல்லாயிரம் எதிரிகள்” என்பதைப் பாதியாக்கிக்கொண்டு தொடங்குங்கள்.

எண்ணிக்கை எப்போது பலிக்கும், எப்போது பலிக்காது என்பதற்கு 1916இல் லாஞ்செஸ்டர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் ஒரு கணக்குப் போட்டார். எல்லோரும் எல்லோரையும் சுடமுடிகிற திறந்த வெளியில், படையின் பலம் ஆள் எண்ணிக்கையின் வர்க்கத்தைப் பொறுத்தது. எதிரி இரு மடங்கு என்றால் நீங்கள் ஆளுக்கு ஆள் நான்கு மடங்கு திறமையாக இருந்தால்தான் சமம். ஒரு வரிசைக்கு ஒரு வரிசை மோதவேண்டிய இடுக்கில் இந்த வர்க்கம் போய்விடும். இரு மடங்கு எதிரிக்கு இரு மடங்கு திறமை போதும்.

டெல்டாவை நினைத்துப் பாருங்கள். நடவு முடிந்த வயல்வெளியில் குதிரை இறங்கினால் முழங்கால்வரை சேறு. கோட்டையை உடைக்கும் பெரிய பீரங்கியின் குழல் மட்டுமே இரண்டு டன்னுக்கு மேல். அது வாய்க்கால் மதகின்மேல் ஏறினால் மதகு உட்காரும். ஆக ஆடியிலிருந்து மார்கழிவரை எல்லாப் படையும் ஆற்றுக் கரைமேலேயே நடக்கவேண்டும். பத்தடி அகலக் கரையில் நான்கு ஆள் அல்லது இரண்டு குதிரை சேர்ந்து போகலாம். 10,000 குதிரை வைத்திருப்பவனுக்கும் முன்னால் நிற்பவை இரண்டுதான். தை, மாசியில் சம்பா அறுத்தபின் அதே இடம் வேறு நாடு: தாள் நிற்கும் தரிசு, ஆற்றில் முழங்கால் தண்ணீர், எங்கே வேண்டுமானாலும் குதிரை ஓடும். ஒரே மண்ணில் ஆறு மாதம் ஒரு கணக்கு, ஆறு மாதம் வேறு கணக்கு.

கர்னல் பிரைத்வெயிட் இந்த மாதக் கணக்கில்தான் மாட்டினார். 1782 பிப்ரவரி, கும்பகோணத்துக்குப் பக்கத்தில் அன்னகுடி. 100 ஐரோப்பியர், 1,500 சிப்பாய்கள், 300 குதிரையோடு கொள்ளிடக் கரையை ஒட்டித் திறந்த வெளியில் முகாம் போட்டிருந்தார். நடுவில் இத்தனை ஆறுகள் இருக்கின்றன, தூரமும் இருக்கிறது, எதிரி திடீரென்று வரமுடியாது என்பது அவர் நம்பிக்கை. ஐப்பசியில் அது சரி. மாசியில் ஆறு வேலியாக நிற்காது. திப்பு 10,000 குதிரை, அதே அளவு காலாட்கள், 20 பீரங்கி, லாலி என்ற பிரெஞ்சுக்காரரின் கீழ் 400 ஐரோப்பியரோடு வந்து சூழ்ந்தார். உளவுச் செய்தி கிடைக்காததுதான் அசல் தோல்வி. சண்டை அதன் பின்விளைவு.

ஆனால் அந்தப் பின்விளைவைப் பார்த்தால்தான் சிப்பாய்களின் தரம் தெரியும். நடுவில் குதிரைகளை வைத்து, சுற்றிலும் காலாட்களைச் சதுரமாக நிறுத்தி, இடையிடையே பீரங்கி. திப்புவின் பீரங்கிகள் அடிக்கும், அணியில் ஓட்டை விழும், குதிரைப்படை பாயும், சதுரம் ஓட்டையை அடைத்துக் கிட்டத்தில் வைத்துச் சுடும், அவர்கள் விலகும்போது உள்ளிருந்த குதிரைகள் வெளியே வந்து விரட்டிவிட்டுத் திரும்பும். பத்து மடங்கு எதிரியை, திறந்த வெளியில், பிப்ரவரி 16லிருந்து 18வரை மூன்று நாள் இப்படித் தாக்குப் பிடித்தார்கள். லாஞ்செஸ்டர் கணக்கின்படி இவர்கள் ஒரு பொழுதுகூட நின்றிருக்கக் கூடாது. கடைசியில் குதிரைப்படையால் முடியாததை லாலியின் 400 பேர் துப்பாக்கி ஈட்டியோடு நேராக நடந்துவந்து முடித்தார்கள். களைத்திருந்த அணி கலைந்தது. தோற்றவர்கள் தரம் அதிகம் என்று சொல்லத் தயங்காதீர்கள். வெற்றியும் தரமும் ஒன்றல்ல. வெற்றிக்குப் படைத்தலைவனின் உளவும் மாதமும் எண்ணிக்கையும் சேரவேண்டும். திப்பு அந்த மூன்றையும் சேர்த்துக்கொண்டு வந்தார், அது அவருடைய தரம்.

தலைவன் விழுந்தால் என்ன ஆகும் என்பது இன்னொரு அளவுகோல். இதற்குச் சோழரே இரண்டு உதாரணம் தருகிறார்கள். இரண்டும் டெல்டாவுக்கு வெளியே நடந்தவை. 949இல் தக்கோலத்தில் இளவரசன் ராஜாதித்தன் யானைமேல் கொல்லப்பட்டான். படை உடைந்தது, தொண்டைமண்டலம் ராஷ்டிரகூடர் கைக்குப் போனது. 1054 வாக்கில் கொப்பத்தில் ராஜாதிராஜன் அதேபோல் யானைமேல் கொல்லப்பட்டான். இந்த முறை தம்பி இரண்டாம் ராஜேந்திரன் படையைத் திரட்டி நிறுத்தி, களத்திலேயே முடிசூடி, சண்டையை வென்றான். (கொப்பத்துக் கதையைச் சொல்வது வென்றவர்களின் மெய்க்கீர்த்தி என்பதை நினைவில் வையுங்கள், ஆனால் அரசன் செத்ததை மெய்க்கீர்த்தியே ஒப்புக்கொள்கிறது.)

நூறு வருஷத்தில் என்ன மாறியது? தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் படைப்பிரிவுகளின் பெயர்கள் வரிசையாக வருகின்றன: மும்முடிசோழ தெரிஞ்ச பரிவாரத்தார், கேரளாந்தக தெரிஞ்ச பரிவாரத்தார், சிங்களாந்தக தெரிஞ்ச பரிவாரத்தார் என்று. ‘தெரிஞ்ச’ என்றால் தேர்ந்தெடுத்த. அரசனின் விருதுப்பெயரைச் சுமக்கும், அரசன் போனாலும் பெயர் போகாத நிரந்தரப் பிரிவுகள். போரில்லாத நாளிலும் கல்லில் பெயர் வெட்டும் அளவுக்கு நிலைத்த அமைப்பு. ஊர்த்தலைவர்கள் கூட்டிவந்த கூட்டம், தலைவன் விழுந்தால் வீட்டுக்குப் போகும். பரிவாரத்துக்கு நிற்கவும் இடமுண்டு, அடுத்த கட்டளை யாரிடமிருந்து வரும் என்றும் தெரியும். தக்கோலத்துக்கும் கொப்பத்துக்கும் இடையே மாறியது இதுதான் என்பது என் கணிப்பு. 1025இல் கடாரம்வரை கப்பலில் ஆளைக் கொண்டுபோக முடிந்ததற்கும் இதே அமைப்புத்தான் காரணமாக இருக்கவேண்டும். கடல் தாண்டும் படைக்கு முதல் தேவை பட்டியல்.

நிரந்தரப் படைக்கு ஒரு வில்லங்கமும் உண்டு. இலங்கையில் விஜயபாகு மன்னனிடம் இருந்த தமிழ்க் கூலிப்படையான வேளைக்காரப் படை, 1080களில் சோழருக்கு எதிராகப் போகச் சொன்னபோது மறுத்துக் கலகம் செய்தது, அரண்மனையைக் கொளுத்தியது. அரசன் அந்தக் கலகத்தைக் கடுமையாக அடக்கினான். அதே வேளைக்காரர்கள்தான் பின்னர் பொலன்னறுவையில் புத்தரின் பல் இருந்த கோயிலுக்குக் காவல் பொறுப்பேற்றுக் கல்வெட்டு வெட்டினார்கள். விசுவாசம் இல்லாதவர்கள் என்று அவர்களைத் தள்ளிவிட முடியாது. யாருக்கு எதிராக என்பதைச் சொல்லாமல் ஒரு படையின் விசுவாசத்தை அளக்க முடியாது என்பதுதான் பொருள்.

குதிரையில் பாண்டியர் பட்ட பாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 13ஆம் நூற்றாண்டுக் கடைசியில் டெல்டாவும் அவர்கள் கையில்தான். பாரசீக வளைகுடாவின் கீஷ் தீவிலிருந்து வருஷத்துக்கு 1,400 குதிரை, ஒன்று 220 பொன் தினார், வழியில் கடலில் செத்த குதிரைக்கும் பணம் உண்டு என்று ஒப்பந்தம் இருந்ததைப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் எழுதுகிறார். மார்க்கோ போலோ, குதிரைக்கு இங்கே வேகவைத்த சோறும் கறியும் போடுகிறார்கள், லாடம் அடிக்க ஆளில்லை, வாங்கியதில் பெரும்பகுதி வருஷத்துக்குள் செத்துவிடுகிறது என்கிறார். குதிரைக்கு வேண்டியது கொள்ளும் உலர்ந்த புல்லும். நெல் பூமியில் இரண்டும் குறைவு, ஈரத்தில் குளம்பு அழுகும். குதிரையே வருஷத்துக்கொரு முறை மாறினால் ஓட்டுகிறவனும் அதுவும் சேர்ந்து பழக நேரமேது? பணம் கொடுத்து வாங்கமுடியாத தரம் இது.

சோற்றுக்கு வருவோம். 1745இல் பெல்ஜியத்தின் ஃபொன்டனாய் களத்தில் ஆங்கிலேய அணியை உடைத்ததில் பங்குகொண்டது கவுண்ட் லாலியின் ஐரிஷ் ரெஜிமென்ட். (அன்னகுடியில் வந்த லாலி வேறு ஆள்.) 1758 ஜூலையில் அதே லாலி, அதே ரெஜிமென்ட் உள்ளிட்ட பிரெஞ்சுப் படையோடு காரைக்காலிலிருந்து தஞ்சாவூர் நோக்கிக் கிளம்பினார். ராஜா பிரதாபசிங்கிடம் 56 லட்சம் ரூபாய் பழைய கடன்பத்திரப் பாக்கி வசூல் என்பது சாக்கு. காரைக்காலில் அரிசியும் இல்லை, வண்டிமாடும் இல்லை. நாகூரைச் சூறையாடும் உரிமையைத் தன் குதிரைப்படை அதிகாரிக்கே இரண்டு லட்சத்துக்கு ஏலம் விட்டார். கீழ்வேளூரில் கோயிலைத் தோண்டினார்கள். ஒற்றர்கள் என்று சொல்லி அங்கிருந்த பிராமணர் ஆறு பேரைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள்.

இதன் விளைவை அனுமானிக்கப் பெரிய அறிவு வேண்டாம். வழியில் இருந்த ஊர்கள் மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டன. யாரும் நெல் விற்கவில்லை. தஞ்சைத் தளபதி மானாஜியின் குதிரைகள் கோட்டையைச் சுற்றி அலைந்து, வருகிற கொஞ்சநஞ்ச தானியத்தையும் மறித்தன. மதிலில் உடைப்பு விழத் தொடங்கிய நேரத்தில் வெடிமருந்து தீரும் நிலை. ஆகஸ்ட் 3ஆம் தேதி பிரெஞ்சுக் கப்பற்படை கடலில் தோற்றிருந்தது; அந்தச் செய்தியும் வந்தது. பின்பக்கக் கதவும் மூடியது. 10ஆம் தேதி முற்றுகையைக் கலைத்தபோது மானாஜி விடியற்காலையில் வெளியே வந்து தாக்கினார். பெரிய பீரங்கிகளை விட்டுவிட்டுப் பட்டினியோடு காரைக்காலுக்குத் திரும்பியது, ஃபொன்டனாயில் வென்ற ரெஜிமென்ட். ஆடி மாதம், ஆற்றில் புதுப்புனல், சுற்றிலும் உலகத்தின் பெரிய நெற்களஞ்சியங்களில் ஒன்று. அதன் நடுவில் பட்டினி.

மானாஜியை நான் உயர்த்திச் சொல்வதற்குக் காரணம் இது. தேவிக்கோட்டையில் தஞ்சைக் குதிரைகளை நெருங்கிய அணியின்மேல் பாயவிட்டதில் 42 அடிக் கணக்கு எதிராகப் போனது. 1758இல் அதே வகைக் குதிரைகளை அணிமேல் பாயவிடாமல், மாட்டின்மேலும் மூட்டையின்மேலும் ஏவியதில் ஐரோப்பாவின் சிறந்த காலாட்படைகளில் ஒன்று ஓடியது. குதிரை மாறவில்லை. வேலை மாறியது.

இதற்கு மறுபக்கமான ஒரு நிகழ்ச்சி 1781இல். ஹைதர் அலியின் படை டெல்டாவை அழித்துக்கொண்டிருந்தது. தஞ்சைக் கோட்டைக்குள் பஞ்சம். தெருவில் ஆட்கள் செத்து விழுந்தார்கள். வெளியே நெல் இருந்தது, உள்ளே கொண்டுவர மாடு இல்லை. மாடு ஏன் இல்லை? முன்பு கொண்டுவந்தவர்களுக்குக் கோட்டைக்காரர்கள் பணம் தரவில்லை. ராஜாவின் பேச்சையோ கம்பெனியின் பேச்சையோ குடிகள் நம்பத் தயாராக இல்லை. கடைசியில் பாதிரியார் ஷ்வார்ட்ஸ் தன் பெயரில் வாக்குக் கொடுத்தார்: மாட்டுக்கும் நெல்லுக்கும் நான் பொறுப்பு. சில நாளில் ஆயிரத்துக்கு மேல் மாடு வந்தது. 80,000 கலம் தானியம் உள்ளே சேர்ந்தது. இன்றைய டெல்டாக் கணக்கில் இரண்டு கலம் ஒரு மூட்டை, மூட்டைக்கு 60 கிலோ; ஆக 40,000 மூட்டை, 2,400 டன். பொதிமாட்டுக்கு 100 கிலோ என்றால் ஆயிரம் மாடு 24 நடை போகவேண்டும். கொண்டுவந்தவர்களுக்கு அவர் பணத்தைச் சரியாகக் கொடுத்தார்.

அந்தக் கோட்டைச் சிப்பாய்களின் சண்டைத் தரம் அந்த மாதத்தில் உயர்ந்தது ஒரு வெடிகூடச் சுடாமல். படைகளை ஒப்பிட உட்காரும் எவரும் கேட்கவேண்டிய முதல் கேள்வி, “இவர்களுக்கு ஊர்க்காரர் கடன் கொடுப்பார்களா?” என்பதாக இருக்கவேண்டும். துப்பாக்கியின் விட்டம் பிறகு.

இருபதாம் நூற்றாண்டில் இதை எண்ணாக்கப் பார்த்தவர் அமெரிக்கக் கர்னல் டூபுய். ஆள், ஆயுதம், நிலம், தற்காப்பு நிலை எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கழித்து, இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியக் காலாட்படை நேச நாட்டுப் படையைவிடச் சுமார் 20 சதவீதம் திறமை கூடியது என்றார். முறை நல்லது, எடுத்துக்கொண்ட சண்டைகள் குறைவு, மதிப்பெண் போடுகிறவரின் கை இருக்கிறது என்ற எதிர்ப்பும் நியாயமே. கவனிக்கவேண்டியது, அவ்வளவு பேசப்பட்ட ஜெர்மானியத் திறமையே கழித்துப் பார்த்தால் ஐந்தில் ஒரு பங்குதான் கூட. பத்து மடங்கு வீரம் என்பதெல்லாம் பரணியில் இருக்கட்டும்.

அதே போரில் நமக்கு நெருங்கிய உதாரணம் இந்தியப் படை. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரில் சரணடைந்த சுமார் 85,000 பேரில் ஏறக்குறைய பாதி இந்தியர். எதிரில் இருந்த ஜப்பானியர் அதில் பாதிகூட இல்லை. இரண்டே வருஷத்தில், 1944இல், இம்பாலிலும் கொஹிமாவிலும் அதே இந்தியப் படை ஜப்பானியரை முறியடித்தது. இடையில் மாறியது என்ன? காட்டில் சண்டையிடத் தனிப் பயிற்சி, சூழப்பட்டாலும் பின்வாங்காமல் நின்று விமானத்தில் சாப்பாடு வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு, மலேரியா மாத்திரை. 1943இல் அந்தப் போர்முனையில் காயம்பட்டு வெளியேறிய ஒருவருக்கு, நோயால் வெளியேறியவர் 120 பேர். மாத்திரையை விழுங்கினானா என்று பார்ப்பது அதிகாரியின் வேலையானது. விழுங்காதவன் படைப்பிரிவின் அதிகாரிக்கு வேலை போனது. அதைச் சண்டைத் தரம் என்று யாரும் கவிதை எழுதுவதில்லை.

கேட்டவருக்கு நேரான பதில். சுடாமல் காத்திருப்பதில் 1749இன் லாரன்ஸ் அணி முதலிடம். தாக்குப் பிடிப்பதில் அன்னகுடிச் சிப்பாய்கள். அவர்களில் பெரும்பாலோர் தென்னாட்டு ஆட்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தலைவன் விழுந்தும் கலையாததிலும் தூரம் போனதிலும் 11ஆம் நூற்றாண்டுச் சோழப் பரிவாரம். உளவிலும் வேகத்திலும் திப்புவின் படை. இருப்பதை வைத்துச் சரியான வேலை வாங்கியதில் மானாஜி. இவர்களில் யாரை யாரோடு மோதவிட்டாலும் நான் முதலில் கேட்பது மாதத்தை. மாசி என்றால் திப்பு. ஆடி என்றால் மானாஜி. கார்த்திகை என்றால் ஐந்து படையும் கூடாரத்தில் மருந்தைக் காயவைத்துக்கொண்டிருக்கும்.